ஏழாம் குழியில் நாற்பது காட்டுமாடுகள்

காலை ஆறு மணிக்குத் தடவரைவி என்னும் செயலி அன்றைய கோல்ஃப் மைதானத்தின் வரைபடத்தை எங்கள் கைபேசிக்கு அனுப்பிவிடும். நேற்றுப் பதினொரு குழிகள் இருந்தன, இன்று எட்டு. மூன்றாம் குழியைச் சுற்றிப் பன்றிகள் உழுது தள்ளியதால் அந்த இடம் இனி அவற்றுக்கு. ஐந்தாம் குழிக்கு முன்னால் இருந்த பங்கர் என்னும் மணல் பள்ளத்தில் கீரி குட்டி போட்டுவிட்டது. அந்தக் குழியும் போயிற்று.

"ஓய் டாக்டரே, இன்னிக்கு ஏழாவது எங்க இருக்கு?" என்றார் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், என் ஆட்டத் துணை.

"அது நகரலை. எட்டாவதுதான் போயிடுச்சு. அங்க கரடி குடித்தனம் வந்திருக்கு."

"நாம ஆடுதது கோல்ஃபா, வீடு தேடுததா?"

நிலப்பகிர்வுச் சட்டம் வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. காட்டு உயிர் புழங்கும் இடம் காட்டு உயிருக்கு, மனிதன் நகர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் சட்டம். எந்த இடத்தில் எது புழங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது நிலமதி என்னும் செயற்கை அறிவு. ஆனால் எங்கள் மலையில் வருடத்துக்கு எட்டு மாதம் பனிமூட்டம், மீதி நான்கு மாதம் மழை. விலங்குகளைக் கணக்கெடுக்கும் பறப்பிகள், அதாவது ட்ரோன்கள், மேலே வந்து கண் தெரியாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு திரும்பிப் போகும். அதனால் நிலமதி மனித வாக்கை ஏற்றுக்கொண்டது. மைதானத்தில் பார்த்த விலங்குகளை ஆடுகிறவர்களே ஸ்கோர் கார்டில் எழுத வேண்டும்.

யாருடைய வாக்கை நம்புவது? அதற்கும் கோல்ஃபிலிருந்தே வழி கண்டுபிடித்தார்கள். புதருக்குள் யாரும் பார்க்காதபோது பந்தைத் தெரியாமல் காலால் இடறிவிட்டு, வெளியே வந்து, "எனக்கு ஒரு அடி அபராதம்" என்பவனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. தனக்கு நஷ்டமாகச் சொல்கிறவன் பொய் சொல்ல மாட்டான். தனக்கு லாபமாகச் சொல்கிறவன் சொல்லைக் கேட்கவே வேண்டாம். இதுதான் இன்று நாடு முழுவதும் செல்லும் விதி.

நான் பல் டாக்டர். "வலிக்காது" என்று முப்பத்திரண்டு வருடம் சொல்லியே பிழைத்தவன். நான் அடிக்கும் பந்து குளத்தில் விழும், விழாவிட்டால் அடுத்த மாவட்டத்தில் விழும். இதற்கெல்லாம் ஒரு காரணம் எழுத வேண்டாமா? ஏழாம் குழியில் காட்டுமாடு ஒன்று குறுக்கே நின்றதாக எழுதினேன். உண்மையில் இரண்டு மாடுகள் அந்தப் பக்கம் மேய்வது வழக்கம்தான். அடுத்த மாதம் நாலு என்றேன். பிறகு பன்னிரண்டு. மூன்று வருடத்தில் நாற்பதாக்கிவிட்டேன். நான் ஆடும் குழியே பறிபோகக்கூடிய வாக்கு என்பதால் நிலமதி அதை நம்பியது; மேய்ந்துவிட்டுப் போகிற மாடுகள் என்பதால் குழியை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஒற்றைக் கொம்புத் தலைவன், அவன் மூச்சுக்காற்றில் பறந்துபோன என் தொப்பி என்று நான் எழுதியதைக் கிளப் பலகையில் ஒட்டினார்கள். படித்தபோது எனக்கே மெய் சிலிர்த்தது.

அன்று காலை முதலாம் குழியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது பிலோமினா ஓடி வந்தாள். மைதானத்தின் புல்லைப் பராமரிப்பவள். ஏழாம் குழிக்குப் பின்னால் இருக்கும் எட்டு ஊழியர் வீடுகளில் ஒன்றில் மகளோடு இருக்கிறாள்.

"டாக்டர் சார், இதப் பாருங்க. பதினஞ்சு நாள்ல வீட்டக் காலி பண்ணணுமாம்."

நாற்பது மாடுகளுக்கு ஏழாம் குழியின் புல் போதாது என்று நிலமதி கணக்குப் போட்டு, ஏழாம் குழியோடு எட்டு வீடுகளையும் மந்தைக்கு ஒதுக்கியிருந்தது. ஆவுடையப்பன் என்னையே பார்த்தார்.

கிளப் கட்டடத்தில் நிலமதியின் வாக்கேற்பி இருக்கிறது, வாக்கைக் கேட்டுப் பதில் சொல்லும் இயந்திரம். மூவரும் அதன் முன் போய் நின்றோம்.

"நான் எழுதினது பொய். அங்க இருக்கறது ரெண்டே மாடு" என்றேன்.

"ஏற்கப்படவில்லை" என்றது நிலமதி. "எண்ணிக்கை குறைந்தால் ஏழாம் குழி உங்களுக்கே இருக்கும். உங்களுக்கு ஆதாயம் உண்டு."

"ஆதாயமா? என் மானமே போகுது!"

"மானம் நிலப் பட்டியலில் இல்லை."

பிலோமினா முன்னால் வந்தாள். "தெனமும் புல்லு வெட்டுறவ நானு. என் கண்ணுல பட்டது ரெண்டுதான்."

"நீங்கள் அந்த வீட்டில் வசிப்பவர். ஏற்கப்படவில்லை."

வெட்டுக் காயத்தோடு வந்தவனிடம், உனக்கு வலிக்கிறது, அதனால் உன் பேச்சு செல்லாது என்று சொல்வதுபோல் இருந்தது. ஆவுடையப்பனும் முயன்றார். அவரும் ஏழாம் குழியில் ஆடுகிறவராம், செல்லாது. எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"அந்த நாற்பது மாடும் இப்போ ஏழாம் குழியில இல்லை. மந்தையா என் வீட்டுத் தோட்டத்துக்கு வந்துடுச்சு."

"உங்களுக்கு நஷ்டம் தரும் வாக்கு. ஏற்கப்பட்டது" என்றது நிலமதி, நான் வாயை மூடுவதற்குள். "ஒரே மந்தை இரண்டு இடங்களில் நிற்க இயலாது. ஊழியர் வீடுகள் விடுவிக்கப்படுகின்றன."

"ஓய், என்னவே செஞ்சீரு?" என்று ஆவுடையப்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பிலோமினா நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் நோட்டீஸை நாலாக மடித்தபடி நின்றாள்.

"அப்ப நெசமாவே ரெண்டுதானா சார்?"

"ரெண்டுதான்மா."

"நானும் ரெண்டத்தான் பாத்தேன். மிச்சமெல்லாம் பனிக்குள்ள நிக்குதுன்னு நெனச்சேன். படிச்சவுக எழுதுனது தப்பா இருக்குமான்னு…" மடித்த நோட்டீஸை இடுப்பில் செருகினாள். "மூணு வருசமா எம்மவள வாசல தாண்டி விடலயே சார். ஜன்னலப் பிடிச்சுக்கிட்டே வளந்துட்டா."

அவள் போன பிறகும் நாங்கள் உட்காரவில்லை. கைபேசி அடித்தது. என் மனைவி வேணி.

"என்னங்க, பதினஞ்சு நாள்ல வீட்டை விடணும்னு நோட்டீஸ் வந்திருக்கு. நம்ம தோட்டத்துல நாற்பது மாடு நிக்குதாம்! நான் வெளியில வந்து நின்னு பாக்கறேன், ஒரு கன்னுக்குட்டிகூட இல்லை. யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. இல்லைன்னு நானே சொல்லிடட்டுமா?"

"சொல்லு, வேணி" என்றேன். "ஆனா நீ சொன்னா நம்ப மாட்டாங்க. அது உன் வீடு."