எட்டுக்கு நாலு தொட்டி

காலை 6.40. மாடியிலிருந்து இறங்கி வந்த கப்பல்காரர் ஹாலில் மீன்தொட்டியின் விளக்கைப் போட்டார். ஜோடித் திருக்கைகளில் ஆண் மல்லாந்து கிடந்தது.

6.45க்குத் தொட்டியின் ஓரத்தில் பாதி காலியான ப்ளீச் புட்டியைக் கண்டுபிடித்தார். 6.50க்குக் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டார். மனைவியின் தம்பிதான், வேறு யார்? கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு போய், மாடிப்படி ஏற முடியாமல், தொட்டிக்குப் பின்னால் கட்டில் போட்டுப் பதின்மூன்று மாதமாகப் படுத்திருப்பவர். மீன்களுக்குத் தீனி போடுவதும் அவர்தான். சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கப்பல்காரர். தம்பிக்குப் போக்கிடம் கிடையாது.

8.15. கப்பல்காரரின் மனைவி போன் போட்டு அழைத்த மீன் டாக்டர் வந்தார். பேசுவதைவிட 'உம்' கொட்டுவது அதிகமான பெண்மணி. செல்ல மீன் செத்த வீடுகளுக்குப் போய்ப் போய், மீன்களைவிட மனிதர்களிடம்தான் அவருக்கு அலுப்பு.

"என் தம்பி அப்படிச் செய்யறவன் இல்ல டாக்டர். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார் அந்தம்மா.

டாக்டர் முதலில் தண்ணீரைச் சோதித்தார். ப்ளீச்சின் சுவடே இல்லை. மீன் கழிவால் வரும் நஞ்சும் இல்லை. மேல்மட்டத்தில் வெள்ளிநிறப் பொடிமீன்கள் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன. செத்த திருக்கையை மேசையில் கிடத்தி அளவு நாடாவை வைத்தார். உடம்பின் அகலம் இருபத்தோரு அங்குலம். இரண்டு பக்க விளிம்பும் தேய்ந்து, வெளுத்து, புண்ணாகியிருந்தது. ஒரு ராத்திரியில் வந்த புண் அல்ல, பல வாரத்துப் புண்.

9.05. விசாரணை. முதலில் கப்பல்காரர்.

"தொட்டி எவ்வளவு பெருசு?"

"ஆயிரத்து எண்ணூறு லிட்டர். அளவுல யாரும் குறை சொல்ல முடியாது."

கப்பலின் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அவர். எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதுதான் அவருக்குத் தொட்டி. போன வருடம் திருக்கைகள் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தபோதே, எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டடி உயரம் என்று கண்ணாடிக் கடையில் எழுதிக் கொடுத்து, இடத்துக்குத் தரையில் டேப்பும் ஒட்டிவிட்டுக் கப்பலேறியவர், போன வாரம்தான் திரும்பியிருக்கிறார். வந்து பார்த்தால் தொட்டி நெடுநெடுவென்று நின்றதாம். கடைக்காரர் அப்படித்தான் செய்து கொடுத்தார், லிட்டர் அதேதான் என்று மனைவி சொல்ல, கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். சரியாக வந்திருக்கிறது. அத்தோடு விட்டுவிட்டார்.

அடுத்து தம்பி.

"ப்ளீச் எதுக்கு?"

"வலை கழுவ."

"மீன் சரியா சாப்பிட்டுச்சா?"

"ரெண்டு மாசமா இல்ல."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

தம்பி தீனி டப்பாவின் மூடியை இறுக்கி மூடினார். பழி தன் தலையில் விழுந்திருக்கும்போது ஒரு மனிதர் இவ்வளவு அமைதியாக இருப்பது டாக்டருக்குப் பிடிக்கவில்லை.

9.30. தொட்டியின் முன்விளிம்புக்கு நேராகத் தரையில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. டேப் இரு முனையிலும் மடங்கிச் சுவரை நோக்கிப் போனது. டாக்டர் முழங்காலிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். தொட்டியைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் புகுந்து, சுவர் வரைக்கும் போயிருந்தது. கட்டிலின் அகலத்தை அளந்தார். இரண்டடி. எழுந்து வெளியே போய்க் கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டார்.

10.05. மூவரையும் உட்காரவைத்தார்.

"யாரும் விஷம் வைக்கல. தண்ணி நல்லாத்தான் இருக்கு. திருக்கை மேல கீழ நீந்துற மீன் இல்ல, தரையில வாழுறது. அதுக்கு லிட்டர் கணக்கு உதவாது, தரைதான் கணக்கு. நாலடி உயரம் பொடிமீனுக்குத்தான் லாபம். இருபத்தோரு அங்குல மீன் இருபத்துநாலு அங்குலத்துல எப்படித் திரும்பும்? திரும்புறப்பல்லாம் கண்ணாடியில தேஞ்சு தேஞ்சே செத்திருக்கு."

"அப்ப கடைக்காரன்தான்..." என்று எழுந்தார் கப்பல்காரர்.

"உட்காருங்க. நாலடி அகலத்துக்கு நீங்க டேப் ஒட்டிட்டுப் போனீங்க. அதுல ரெண்டடியில தொட்டி நிக்குது. மிச்ச ரெண்டடியில என்ன இருக்கு?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"அகலத்தையும் உயரத்தையும் மாத்திக் கட்டச் சொல்லிக் கடைக்கு ஒரு போன் போயிருக்கு. இந்த வீட்டம்மா பேசினதா சொல்றாரு."

கப்பல்காரரின் மனைவி அழவில்லை. "படி ஏற முடியாதவனை நான் எங்க படுக்க வைப்பேன்? லிட்டர் ஒண்ணுதானேன்னு நினைச்சேன்" என்றார்.

தம்பிக்கு இரண்டு மாதமாகவே தெரிந்திருந்தது. அக்காவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பழியைச் சுமந்திருக்கிறார். எந்தக் கட்டிலுக்காக அந்த மீன் செத்ததோ, அந்தக் கட்டிலைவிட்டே அவரைத் துரத்தவிருந்தார்கள். கண்டுபிடித்துச் சொன்னதால் இங்கே யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை என்பது டாக்டருக்குத் தெரிந்தே இருந்தது.

கப்பல்காரர் தொட்டியருகே போய் மிச்சமிருந்த பெண் திருக்கையைப் பார்த்தார். பிறகு, "நாலடியில புதுசா கட்டினா, இருக்குறது பிழைக்குமா?" என்று மட்டும் கேட்டார். போகச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

தம்பி அதற்குள் போர்வையை மடிக்க ஆரம்பித்திருந்தார். "நான் கிளம்பறேன் மாமா. இடம் வேணும்ல" என்றார். அக்கா தடுக்கப் போனார். தம்பி அக்காவின் கையை மெல்ல விலக்கிவிட்டார்.

11.40. கட்டிலை வெளியே தூக்கிப் போட்டார்கள். கண்ணாடிக் கடையில் புதுத்தொட்டிக்கு ஆறு வாரம் கேட்டார்கள். டாக்டர் பெண் திருக்கையின் விளிம்பைப் பார்த்தார். அதுவும் வெளுத்திருந்தது. மூன்று வாரம் தாங்கினால் அதிகம். கேட்டதற்கு அதைத்தான் சொன்னார்.

அவர் பையை மூடும்போது பெண் திருக்கை பின்கண்ணாடியில் முட்டி, திரும்ப முயன்றது. கண்ணாடிக்கு அந்தப்புறம், சுவர் வரைக்கும், இரண்டடித் தரை காலியாகக் கிடந்தது.