அடுப்பங்கரையில் சிங்கப்பூர் நேரம்

காலை ஏழு பத்துக்கே கமலா ஆரம்பித்துவிட்டாள்.

"ஒந்தம்பி போனை அமத்தி வெச்சிட்டாண்டி, கொளஞ்சி. ஒம்போதரைக்குத்தான பிளேனு? இப்ப போத்திக்கினு தூங்கறான். பசங்களே அப்பிடித்தான். துபாயில இருக்கற எம்மவனும் காலங்காத்தால அஞ்சு மணிக்குக் கூப்புட்டா ஒரு நாளும் எடுக்கறதில்ல."

சங்கராபுரத்தை அடுத்த அந்தக் கூட்டுக் குடும்பத்தில் கமலா மூத்த மருமகள், கொளஞ்சியம்மாள் இளையவள். அன்று சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கொளஞ்சியம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் அய்யனாரோ சிங்கப்பூரில். அவன் வராவிட்டால் மடி கொடுக்கக் கமலாவின் தம்பி ஆதிமூலம் நேற்றே புது வேட்டியோடு வந்து இறங்கிவிட்டான். அந்த மடியில் குழந்தை உட்கார்ந்தால், கொளஞ்சியம்மாளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும்.

தாய் செத்த பிறகு, பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கரும்பு வெட்டப் போய்த் தம்பியை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவள் அவள். அவன் வெல்டராக விமானம் ஏறிய அன்று அடுப்பங்கரைக் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் கூட்டி வைத்தாள், அவன் எப்போது சாப்பிடுவான், எப்போது தூங்குவான் என்று பார்த்துக்கொள்ள. ஆறு வருஷமாக வீட்டார் அதைப் பைத்தியக் கடிகாரம் என்றார்கள். விளக்கம் சொன்னால் அதற்கும் ஓர் ஏச்சு கிடைக்கும் என்று அவள் வாய் திறந்ததில்லை.

இன்று திறந்தாள்.

"அமத்தலக்கா, பிளேன் ஏறிட்டான். அங்க இப்ப மணி ஒம்போது நாப்பது."

"யார்கிட்ட கத உடற? டிக்கெட்ட நானும் பாத்தேன். ஒம்போதரைக்குக் கெளம்பி பதினொண்ணுக்கு மெட்ராசு. ஒன்றரை மணி நேரம், சேலம் போறதவிட கம்மி. இவ்ளோ கிட்ட இருந்துகினு ரெண்டு வருசமா எட்டிப் பாக்கல... இதுல பாசமாம்."

கொளஞ்சியம்மாளின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"மூவாயிரம் கிலோமீட்டரு கிட்டக்கா. முழுசா நாலு மணி நேரம் பறக்கணும். அவுங்க மணி நமக்கு முன்னால ஓடுது, அதான் டிக்கெட்டுல கம்மியா தெரியுது. பதினொண்ணுக்கு எறங்கி, பெட்டிய எடுத்துக்கினு பன்னெண்டுக்கு காரு ஏறினா, திருவண்ணாமல வழியா நாலரைக்கு இங்க."

"வரலன்னா?"

"நாலே முக்காலுக்கு மேல ஒரு நிமிசம் கேக்க மாட்டேன். ஒங்க தம்பி மடியிலயே ஒக்காரட்டும். அதுக்கு முன்னால ஒரு நிமிசம் குடுக்கவும் மாட்டேன்."

மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு கறாராகப் பேசமாட்டார்கள். மாமியார் செல்லியம்மாள் தலையாட்ட, பேரம் முடிந்தது.

நாலு மணிக்குப் பத்தர் ஊசியோடு வந்தார். நாலரை ஆனது. ஆதிமூலம் மனையில் உட்கார்ந்து மடியைச் சரிசெய்தான். நாலு நாற்பது... கமலா குழந்தையைத் தூக்கினாள். கொளஞ்சியம்மாள் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் அஞ்சு நிமிசம் என்னுதுக்கா."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அய்யனார் ஷூவை உதறிவிட்டு ஓடி வந்தான். ஆதிமூலம் எழுந்திருக்கக்கூட அவகாசம் தராமல், பாதி மனையிலும் பாதி அவன் தொடையிலுமாக உட்கார்ந்து குழந்தையை வாங்கினான். ஊசி இறங்கியது. குழந்தையைவிட அக்காவும் தம்பியும்தான் அதிகம் அழுதார்கள்.

காபி டம்ளருக்கு நீண்ட அவன் கையைக் கமலா பார்த்தாள். கைக்கடிகாரத்தில் அவன் இன்னும் மணி மாற்றவில்லை. ஏழரை. அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஏழரை. கூடத்துக் கடிகாரத்தில் மட்டும் மணி ஐந்து.

மறுநாள் காலை, கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றி மார்போடு அணைத்தபடி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"கொளஞ்சி... துபாய்க்கு எவ்ளோடி கூட்டணும்?"

"கூட்டக் கூடாதுக்கா. ஒன்றரை மணி நேரம் கொறைக்கணும்."

கமலா விரல்விட்டு எண்ணினாள்.

"அய்யோ... எம்புள்ளைய தெனம் மூன்றரைக்கு எழுப்பிக்கினு இருந்திருக்கேனே. அவன் மறந்துட்டான்னு ஊர் பூரா சொன்னேனேடி... ஒன்னையும் பைத்தியம்னேன்."

தோளில் சாய்ந்து விம்மியவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, கொளஞ்சியம்மாள் தன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடிக்க இடம் பார்த்தாள்.