பத்து நிமிட இடைவெளி

அந்த வீட்டுக்கு நான் போனபோது பிற்பகல் இரண்டே முக்கால். கதவு திறந்ததும் தைல வாசனை அடித்தது. வீட்டுக்கார அம்மா இறந்து இரண்டு மாதமாகியும் அது போகவில்லை.

வீடுகளில் விளக்கு, விசிறி, மணியெல்லாம் தானாக இயங்கும்படி இணைத்துத் தருவது என் தொழில். பக்கவாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்துவிட்ட அந்த அம்மாவுக்குக் கட்டிலோரம் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தவன் நான்தான். அழுத்தினால் மாடியில் மணி அடிக்கும். அங்கே அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர் இறங்கி வருவார்.

ஆனால் அம்மாவின் விரல் நடுங்கும். ஒருமுறை அழுத்தப் போனால் ஏழெட்டு முறை அழுந்திவிடும்.

"இது அடிக்கிற அடியில பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு பக்கத்து வீட்டுல நெனைக்கிறாங்க தம்பி," என்று அப்போது சிரித்தார் அவர். "ஒரு தடவை அடிச்சாப் போதும்னு செய்ய முடியாதா?"

அந்த அம்மாவும் கோணிய வாயால் சிரித்தார்.

மணியை இயக்கும் கணினிக்கு நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். மணி ஒருமுறை அடித்துவிட்டால், குறிப்பிட்ட நேரம் வரை எத்தனை முறை அழுத்தினாலும் கண்டுகொள்ளாதே. பத்து விநாடியே போதும்தான்; ஆனாலும் அவர் இறங்கிப்போய்க் கவனிக்க நேரம் வேண்டாமா என்று பத்து நிமிடமாகப் போட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டுப் பெருமையாகத்தான் கிளம்பினேன்.

இன்று அவர் கூப்பிட்டது வேறு காரணத்துக்கு.

"தினமும் மூணு ஏழுக்கு மணி அடிக்குது தம்பி. ஒரே ஒரு தடவை. பொத்தானை அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். அப்பவும் அடிக்குது."

பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே பேட்டரி இல்லை.

"அவ போன அன்னிக்கே கழட்டிட்டேனே," என்றார் மெதுவாக.

பொத்தானையும் எடுத்துக்கொண்டு இருவரும் மாடிக்குப் போனோம். மடிக்கணினியில் பதிவுகளைத் திறந்தேன். பொத்தானின் ஒவ்வொரு அழுத்தமும் நேரத்தோடு அதில் ஏறும். நேற்று: 3:07, மணி அடித்தது. அதன் கீழே, தவிர்க்கப்பட்டது. தவிர்க்கப்பட்டது. தவிர்க்கப்பட்டது. நாற்பத்தொரு வரி. கடைசி அழுத்தம் 3:16.

முந்தாநாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். முதன்முதலில் அந்த நாற்பத்தொரு வரி இருந்தது, அம்மா இறந்த நாளில்.

"அன்னிக்கு என்ன சார் நடந்துச்சு?"

"மணி அடிச்சுது. போனேன். தண்ணிப் பக்கம் கண்ணைக் காட்டினா, குடுத்தேன். மேல வந்துட்டேன். அப்புறம் அடிக்கவே இல்ல. தூங்கிட்டான்னு நெனச்சேன்..."

திரையை மூட என் கை போனது. அதற்குள் அவர் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஆயுள் முழுக்க எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பழகிய கண். ஒரு வரி விடாமல், விரல் வைத்துப் படித்தார்.

"இத்தனை தடவை கூப்பிட்டிருக்கா."

"பத்து நிமிஷம்னு போட்டது நான்தான் சார்," என்றேன்.

"நான் கேட்டுத்தானே செஞ்சீங்க," என்றார். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம். "அந்தப் பத்து நிமிஷத்தை எடுத்துடுங்க தம்பி. இப்பவே."

நாலு வரியையும் அழித்தேன். சரியாக மூன்று ஏழு.

மணி அடித்தது.

நிற்கவில்லை. மறுபடி. மறுபடி. நடுங்கும் விரலின் அதே தடுமாற்றத்தோடு, விட்டு விட்டு, அவசர அவசரமாக.

பேட்டரி இல்லாத பொத்தான் எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் கிடந்தது.

"வந்துட்டேன்... இதோ வந்துட்டேன்மா!" நாற்காலி பின்னால் சாய எழுந்து, படியிறங்கி ஓடினார்.

மணி நின்றது.

கீழே ஒரு சத்தமும் இல்லை. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

மெத்தை எடுத்துவிட்ட வெறுங்கட்டில். அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கை கட்டில் பலகைமேல் நீண்டிருந்தது.

"இனிமே மேல போக மாட்டேன். இங்கயேதான் இருக்கேன்," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடை வழியாகச் சொட்டியது.

"சார்," என்று நெருங்கினேன்.

அவர் மணிக்கட்டில் நான்கு விரல் அழுந்திய வெள்ளைத் தடம். பிடி விட்டதும் இரத்தம் ஓடி மறைந்துவிட வேண்டிய தடம்.

மறையவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் இன்னும் உள்ளே அமுங்கியது.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.