ஈரச் சுவரின் வாசம்

செவ்வாய்க்கிழமை காலை குளியலறைக் கதவைத் திறந்ததும் ஹெர்டிஸுக்கு அந்த வாசம் அடித்தது. பல வருடம் பூட்டிக் கிடந்த நிலவறையில், அழுகிய உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால், ஈரம் ஊறிய சுவரிலிருந்து கிளம்புமே, அப்படியொரு குளிர்ந்த மண் வாசம். மூன்று நாளாக ஓயாத வயிற்றுப்போக்கில் கால்கள் துவண்டிருந்தன. இருந்தும் மண்டியிட்டு, தரை ஓடுகளின் இடுக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

பூஞ்சை. ஏழு மாதமாக அந்த வீடு பயந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத்தான். கணவன் ஓட்வாரின் சிறுநீரகம் ஒன்றை அவள் உடம்பில் வைத்துத் தைத்திருந்தார்கள். உடம்பு அதை அந்நியமென்று அடித்துத் துரத்திவிடாமல் இருக்க, காலையும் மாலையும் மாத்திரை. அது உடம்பின் காவலைத் தூங்கவைக்கும். தூங்கும் நேரம் பார்த்துப் பூஞ்சை உள்ளே வரும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்தார்கள். ஜன்னலோரப் பூந்தொட்டிகள் போயின. பூஞ்சையால் நீலம் பாய்ந்த பாலாடைக்கட்டி போயிற்று. துடைத்துத் துடைத்தே அலுத்துப்போயிருந்தாள்.

"ஓட்வார், இங்க வா. உனக்கு ஏதாவது வாடை வருதா?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "சோப்பு வாடைதான். என் கிட்னி உள்ள போனதுலேர்ந்து நீ போலீஸ் நாய் ஆயிட்ட, போ."

சிரிக்கத் தெம்பில்லை. அவன் சுவர்ப் பலகை இரண்டைப் பெயர்த்துக் காட்டினான். உள்ளே காய்ந்த மரம், காய்ந்த தூசி. ஆனால் வாசம் அவளுக்கு முன்னால் சமையலறைக்குப் போய்க் காத்திருந்தது. துவைத்த போர்வைக்குள்ளும் இருந்தது.

வியாழக்கிழமை ரத்தமும் போனது. போனில் பேசிய டாக்டர் உடனே வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போக நண்பகல் படகில் ஏறினார்கள். அந்த வடகோடியில் நவம்பர் முடிவில் மறைந்த சூரியன் இனி ஜனவரியில்தான். கடலும் மலையும் ஒரே கருநீலமாகக் கிடந்தன. படகின் கூடத்தில் யாரோ வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவி பறந்தது. வெண்ணெய் வாசம் வரவில்லை. மண் வாசம்தான் வந்தது. எழுந்து மேல்தளத்துக்குப் போனாள். உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. அங்கேயும் அதேதான். காற்று அடித்துக்கொண்டு போகவில்லை.

வீட்டில் இல்லை அது.

பின்னாலேயே வந்த ஓட்வார் அவள் கழுத்துத் துண்டை இழுத்து முடிந்தான்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னா?" என்றாள்.

"சொன்னா நிறுத்திடு."

"உன்னோடது செத்துப்போயிடும்."

"என்னோடது என்ன என்னோடது? குடுத்தாச்சு. அது உன்னோடது." அவன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் கையை விடவில்லை.

பரிசோதனை அறையில் இடது பக்கமாகப் படுக்கவைத்தார்கள். மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், பார்க்க வேண்டும். டாக்டர் சின்னோவெ நுனியில் கேமரா வைத்த குழாயை மெல்லக் குடலுக்குள் செலுத்தினார். எதிரே திரையில் இளஞ்சிவப்புச் சுவர், ஈரமாக, மினுமினுப்பாக. நர்ஸ் கிறிஸ்துமஸ் பலகாரக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏழு தினுசு சுடணும்னு எங்க மாமியார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நான் சொன்னேன், மூணுதான், அதுக்கு மேல..."

நிறுத்திவிட்டாள்.

சிவப்பு முடிந்திருந்தது. அதற்கப்பால் கறுப்பு. கரிந்த சுவர். அதன் மேல் சாம்பல் நிறத்தில் மென்மயிர். அடர்த்தியாக. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு கரும்புள்ளி.

டாக்டர் தண்ணீர் பீய்ச்சினார். மயிர் படிந்தது. மறுபடி நிமிர்ந்தது.

திரைக்குள் சின்னஞ்சிறு இடுக்கி நுழைந்தது. ஒரு துணுக்கைப் பிய்த்தது.

"வலிக்குதா, ஹெர்டிஸ்?"

"இல்ல."

இன்னொன்று.

"இப்போ?"

"பிச்சீங்களா?"

குழாய் முன்னேறியது. கறுப்பு. மேலும் கறுப்பு. வெளிச்சம் போன தூரம் வரை.

"இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு, டாக்டர்?"

நர்ஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

திரையில் அவை அசைந்தன. ஆயிரக்கணக்கில், ஒரே பக்கமாக. சாய்ந்தன. நிமிர்ந்தன. தன் மூச்சுதான், தான் மூச்சு விடுவதால்தான் அசைகின்றன என்று நினைத்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவை அசைந்துகொண்டே இருந்தன.