பாஸ்பேட் ஜாடியில் ஒரு கொலை!

இப்போதெல்லாம் எங்கே எது கெட்டுப்போனாலும் யாரும் காரணம் தேடுவதில்லை. நேராக வாட்ச்மேன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்!

முணுமுணுத்தபடியே வாட்ச்மேன் கிழவர் கேட்டைச் சாத்தினார்.

"ஐயோ... கொன்னுட்டாங்க!"

லேபிலிருந்து அலறல்!

தடியோடு ஓடினார். உள்ளே பிணம் எதுவும் இல்லை. அகலவாய் ஜாடி ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றாள் லேப் அம்மா... மேனேஜரின் மனைவி.

"யாரும்மா செத்தது?"

"என் பாஸ்பேட் கூழு! நேத்து தேன் மாதிரி ஓடிச்சு. இப்ப சொட்டுகூட விழல!"

பின்னாலேயே வந்தார் மேனேஜர்.

"யோவ்! சாவி உன்கிட்டதானே இருக்கு? உள்ள என்னத்தைய்யா கொட்டினே?"

"உங்ககிட்டயும் ஒரு சாவி இருக்கு சார். இன்னிக்கு முதல்ல வந்தது நீங்கதான்."

"எதிர்த்தா பேசுறே? இன்னியோட உனக்கு வேலை கிடையாது!"

கிழவர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். இந்த வயசில் வேறு எந்தக் கேட் அவருக்காகக் காத்திருக்கிறது?

"கொஞ்சம் இருங்க..." லேப் அம்மா ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்தக் கூழு பூரா நீள நீளப் பாஸ்பேட் சங்கிலி. சோடியம் மட்டும் இருந்தா வழுக்கி ஓடும். கால்சியம் உள்ள போச்சுன்னா சங்கிலிங்களைச் சேர்த்துப் பிடிச்சுக்கும். அமுக்கின பள்ளம்கூட லேசுல மூடாது..."

சட்டென்று நிறுத்தினாள்.

"பள்ளம் இருக்கு!"

கூழின் மேல் ஒரு விரல் குழி. அதன் ஓரத்தில்... மோதிரத்தின் அச்சு!

மேனேஜர் மோதிரக் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார்.

"வெளிய எடுங்க! காலைல முட்டிவலிக்குக் கால்சியம் மாத்திரை கரைச்சுக் குடுத்தனுப்பினேனே... குடிச்சீங்களா?"

"குமட்டுச்சும்மா... கழுவுற பாத்திரம்னு நெனச்சு இதுல ஊத்திட்டேன். கெட்டியாயிடுச்சு. பயந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன்..."

"அதுக்குப் பெரியவர் மேல பழியா?"

"உன்கிட்ட மாட்டுறதுக்கு பயமா இருந்துச்சே!"

"பெரியவரே, உங்க வேலை எங்கயும் போகாது. நீங்க போங்க. இவரை நான் பார்த்துக்கிறேன்!"

டம்ளரில் புது மாத்திரைகள் நுரைத்தன. ஒன்றல்ல... இரண்டு!

கிழவர் கேட்டை நோக்கி நடந்தார். முகத்தில் துளி நம்பிக்கை இல்லை.

"மைதா மாவைக் கொட்டிட்டு மாத்திரை மேல பழி போடுறான்! நானும் வருஷக்கணக்கா அதைத்தான் முழுங்குறேன். என் முட்டியையே கெட்டியாக்க முடியாதது... ஜாடியைக் கெட்டியாக்கிடுச்சாக்கும்!"