ஒரே ஒரு வரித் தையல்

‘சும்மா’ என்ற சொல்லைக் கேட்டாலே பில்கிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கே அந்தச் சொல் வாசல் வழியாக உள்ளே நுழைந்தது.

“ஜஹீரா! என் ரஜாய் இன்னா ஆச்சு?” எதிர்வீட்டு மஹ்பூபி சாச்சி இடுப்பில் கை வைத்து நின்றாள். “கொடுத்து பத்து நாள் ஆவுது. நீ சும்மா உக்காந்துகிட்டுதானே இருக்கே?”

பில்கிஸின் அம்மா ஜஹீருன்னிசா உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனால் சும்மா இல்லை. மஹ்பூபி சாச்சியின் ரஜாய் அவள் மடியில்தான் கிடந்தது. அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

ரஜாய் என்றால் சந்தையில் கிடைக்கிற கம்பளி இல்லை. மேல்பக்கம், கலர் கலரான துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்தது. அடிப்பக்கம், கெட்டித் துணி. நடுவில் பஞ்சு. மூன்றும் நகராமல் இருக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிவரியாகத் தையல் போட வேண்டும். ஒரு தையல் ஒரு அரிசி அளவுதான். ஒவ்வொரு தையலுக்கும் ஊசி மூன்றையும் துளைத்துக் கீழே போய், மறுபடி மேலே வர வேண்டும்.

“இன்னும் ஏழு வரிதான் பாக்கி மஹ்பூபி. சீக்கிரம் தர்றேன்,” என்றாள் அம்மா.

“ஏழு வரியா? சாயங்காலம் வர்றேன்!” சாச்சி போய்விட்டாள்.

பில்கிஸ் பல்லைக் கடித்தாள். “ஏம்மா யாரு கேட்டாலும் சரி சரின்றே? முடியாதுன்னு சொல்லத் தெரியாதா?”

“விடுடீ. நம்ம ரஜாய்தான் முடிஞ்சுபோச்சே. அது போதும்.”

அது உண்மை. முற்றத்துக் கொடியில் அது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சின்ன ரஜாய். அறுபத்து நாலு துண்டுகள். கிளிப்பச்சை, மஞ்சள், மாதுளைச் சிவப்பு. மூன்று மாதமாக, ஊரார் வேலைகளுக்கு நடுவே, அம்மா திருடித் திருடி நேரம் சேர்த்துத் தைத்தது.

வேலூரில் இருக்கும் அக்கா வஜீதாவுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. வரும் வெள்ளிக்கிழமை நாற்பதாம் நாள். அன்று குழந்தையைக் குளிப்பாட்டி, தாய்வீட்டு ரஜாயில் சுற்றித்தான் எல்லோர் கையிலும் கொடுப்பார்கள். “அம்மா, மறக்காம எடுத்துட்டு வா. இங்கே எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க” என்று அக்கா இரண்டு கடிதம் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அம்மாவும் பில்கிஸும் கிளம்ப வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மத்தியானம் வாசலில் அந்த ஜட்கா வண்டி வந்து நிற்கும் வரை.

ஜட்காவிலிருந்து இறங்கியவள் அஃப்ஸர் ஜஹான். தோல் மண்டி முதலாளி இஷ்தியாக் அகமதுவின் மனைவி. பில்கிஸின் அப்பா வேலை செய்வது அந்த மண்டியில்தான். ஆள் நல்லவள். ஆனால் குரல், ரயில்வே கேட் வரை கேட்கும்.

“ஜஹீரா! நாளைக்கு வாலாஜாபேட்டை போறேன். தங்கச்சி பேரனைப் பார்க்கணும். இன்னா எடுத்துட்டுப் போறதுன்னே புரியலே…” பேச்சு பாதியில் நின்றது. அவள் கண் கொடியில் நின்றது.

பில்கிஸ் கொடிப் பக்கம் நகர்ந்தாள்.

“அட! இதுதான், இதேதான்!” அஃப்ஸர் ஜஹான் ரஜாயை உருவி எடுத்து மடித்தே விட்டாள்.

“ஆபா, அது வஜீதா குழந்தைக்கு…” என்றாள் அம்மா, மெல்லிய குரலில்.

“அதுக்கின்னா? வெள்ளிக்கிழமைக்குள்ளே இன்னொண்ணு தைச்சுடு. துண்டுத் துணிதானே? ரெண்டு நாள் வேலை! நீயும் வீட்ல சும்மாதானே இருக்கே? இந்தா, ஒரு ரூபா வெச்சுக்கோ.”

ஒரு ரூபாயா! உள்ளே இருக்கும் பஞ்சுக்கும் அடித்துணிக்குமே ஒன்றரை ரூபாய் ஆனது பில்கிஸுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு என்ன விலை?

அம்மாவின் உதடு அசைந்தது. இன்னும் ஒரு நொடி. ‘சரி ஆபா’ என்று சொல்லப் போகிறாள்!

பில்கிஸ் குறுக்கே பாய்ந்தாள்.

“எடுத்துக்கோங்க காலாம்மா!”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“ஆனா ஒரு கஷ்டம் இருக்கு,” என்றாள் பில்கிஸ், முகத்தை ஒன்றும் தெரியாதவள்போல வைத்துக்கொண்டு. “மஹ்பூபி சாச்சி ரஜாயை முடிச்சுட்டுத்தான் புதுசு ஆரம்பிக்க முடியும். அதுல அஞ்சே அஞ்சு வரி பாக்கி. அம்மா ரெண்டு, நான் ரெண்டு. நீங்க ஒரே ஒரு வரி போட்டுக் கொடுத்தா, உடனே புதுசு ஆரம்பிச்சுடலாம்.”

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். பில்கிஸ் அசையவில்லை.

“ஒரு வரிதானே?” அஃப்ஸர் ஜஹான் சிரித்தாள். “கொண்டா ஊசியை! பெரிய வேலை!” வாசலில் நின்ற வண்டிக்காரனுக்குக் குரல் கொடுத்தாள். “கோதண்டராமா! குதிரையை அவுக்காதே. இதோ வந்துடறேன்!”

பாயில் உட்கார்ந்து, தடித்த ரஜாயை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோப்பதற்கே பத்து நிமிடம் ஆனது.

முதல் தையல் கட்டைவிரல் நீளத்துக்கு வந்தது.

“காலாம்மா, அரிசி அளவு,” என்றாள் பில்கிஸ்.

“தெரியும், தெரியும்.” பிரித்தாள். மறுபடி குத்தினாள். “யா அல்லா!”

ஊசி துணிக்குப் பதிலாக விரலைத் துளைத்திருந்தது. பில்கிஸ் ஓடிப்போய் ஈரத் துணி கொண்டுவந்து சுற்றிவிட்டாள். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கொடியில் இருந்த சின்ன ரஜாய் இப்போது காலாம்மாவின் பக்கத்தில் மடித்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் பாவம் குறைந்துவிட்டது.

ஒரு மணி நேரம் போனது. ஒரு சாண் தையல்.

“ஊசி கோணலா இருக்கு,” என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

வேறு ஊசி கொடுத்தாள் பில்கிஸ்.

“நூல் முடிச்சு விழுது.”

நூலை மெழுகில் இழுத்துக் கொடுத்தாள் அம்மா.

“இடுப்பு வலிக்குதே ஜஹீரா. உனக்கு வலிக்காதா?”

“வலிக்கும் ஆபா,” என்றாள் அம்மா, தன் வரியிலிருந்து தலை நிமிராமல்.

வாசலிலிருந்து கோதண்டராமன் குரல் வந்தது. “அம்மா, குதிரை நிக்க மாட்டேன்னுது!”

“ஓட்டிட்டுப் போய்த் தண்ணி காட்டு!” என்று சீறினாள் அஃப்ஸர் ஜஹான்.

மூன்று சாண். நாலு சாண். இரண்டாவது விரலிலும் ஈரத் துணி. பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது. மண்டியில் ஐந்து மணி அடித்தபோது ஊசி மறு ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. நூலை முடிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

“முடிஞ்சுது! பாத்தியா? நான் சொன்னேனே!”

வெற்றியோடு எழுந்தாள்.

ரஜாயும் கூடவே எழுந்தது.

அஃப்ஸர் ஜஹான் ஒரு அடி பின்னால் போனாள். ரஜாயும் ஒரு அடி வந்தது. உதறினாள். போகவில்லை. பனாரஸ் பட்டு முந்தானையை ஒரு முழத்துக்கு ரஜாயோடு சேர்த்துத் தைத்திருந்தாள்!

பில்கிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

“கத்தரிக்கோலைக் கொண்டா!”

“வேணாம் ஆபா, பட்டு போயிடும். உக்காருங்க,” என்றாள் அம்மா.

அம்மா ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கினாள். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. பட்டில் ஒரு இழைகூட இழுபடவில்லை. வேறு வழியில்லாமல், அசையாமல், அஃப்ஸர் ஜஹான் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகக் காய்த்துப் போயிருந்த விரல்கள்.

“ஜஹீரா, இந்த மாதிரி எத்தனை வரி ஒரு ரஜாய்க்கு?”

“பெரிசுக்கு நாப்பது வரும் ஆபா.”

“அந்தச் சின்னதுக்கு?”

“அதுல அளவுதான் கம்மி. வேலை ஜாஸ்தி,” என்று இடையில் புகுந்தாள் பில்கிஸ். “குழந்தைக்கு உறுத்தக் கூடாதுன்னு அம்மா அரை அரிசி அளவுக்குப் போட்டிருக்காங்க. மூணு மாசம் ஆச்சு.”

அஃப்ஸர் ஜஹான் துணி சுற்றாத விரல் ஒன்றால் சின்ன ரஜாயைத் தடவினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை.

பிறகு அதை எடுத்து, தானே அம்மாவின் பெட்டியில் வைத்து மூடினாள்.

“நான் வாலாஜாபேட்டைக்கு வெள்ளிக் கிலுகிலுப்பை வாங்கிக்கறேன். வெள்ளிக்கிழமை என் ஜட்காவுலயே ஸ்டேஷனுக்குப் போங்க. பெட்டியைத் தலையில தூக்கிட்டு நடக்காதீங்க.”

அம்மா திருப்பிக் கொடுத்த ஒரு ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பில்கிஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து மஹ்பூபி சாச்சி நுழைந்தாள்.

“ஜஹீரா, ரஜாய் ரெடியா? இன்னா, இன்னுமா முடியலே? சும்மா உக்காந்து பேசிட்டு…”

“மஹ்பூபி!” ரயில்வே கேட் வரை கேட்டது. “உக்காரு இங்கே! பில்கிஸ், இவளுக்கு ஒரு ஊசி கொடு!”

சாச்சி பயந்துபோய் உட்கார்ந்தாள்.

“முந்தானையை முதல்ல இடுப்புல சொருகிக்கோங்க சாச்சி,” என்றாள் பில்கிஸ்.

அம்மா தொண்டையைக் கனைத்தாள். “மஹ்பூபி, இது திங்கக்கிழமைதான் கிடைக்கும். அதுக்கு முன்னாடி முடியாது.”

முடியாது! அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பில்கிஸ் முதல்முறையாகக் கேட்டாள்.

வெளியே கோதண்டராமன் பொறுமை இழந்திருந்தான்.

“அம்மா! இருட்டப் போவுது! பேஜாரா இருக்கு! உள்ளே சும்மாதானே உக்காந்திருக்கீங்க?”

“யாரு சும்மா?”

நான்கு குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. ஜட்கா குதிரை இரண்டு அடி பின்வாங்கியது.