சலவை அறையில் ஒரு குவளை பீர்

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒயின் வியாபாரியின் வீட்டுப் பின்கதவைத் தட்டிய மச்சானுக்கு முதலில் எட்டியது துணி கருகும் நாற்றம். கதவு தாழிடாமல் இருந்தது. “பாப்பா” என்று தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனான். சலவை அறையில், இஸ்திரி மேசைக்குக் கீழே, அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். மேலே இஸ்திரிப் பெட்டி அவள் கணவனின் வெள்ளைச் சட்டையைப் பொசுக்கிப் பலகைவரை இறங்கியிருந்தது. அவன் முதலில் சுவிட்சை அணைத்தான். அப்புறம்தான் குனிந்து அவள் கையைத் தொட்டான். கை சில்லிட்டிருந்தது.

அரைமணியில் போலீஸ் வந்தது. வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது, குறைவான பேச்சு, இரண்டு நாளாகப் பல்வலி. கூட வந்த ஏட்டு அதற்கும் சேர்த்துப் பேசுகிறவர்.

அலமாரியில் ஒரு நீலத் தேநீர்க் குவளை இருந்தது. அடியில் ஒட்டியிருந்தது தேநீர் இல்லை, பீர் நுரை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், சோப்புத்தூள் வாளிக்குள், ஒரு காலி பாட்டில் கிடைத்தது. கம்பியை அழுத்தி மூடும் பீங்கான் மூடி போட்ட பாட்டில், எத்தனை முறை திறந்தாலும் மறுபடி மூடலாம். டாக்டர் குவளையை முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“விஷம். பீர்லதான் கலந்திருக்கு. கசப்புக்குள்ள கசப்பு, குடிக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உயிர் போய் ரெண்டு மணி நேரம் இருக்கும்.”

இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்வாசலில் காலி ஒயின் பாட்டில்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசைபோல ஒரே உயரத்தில் நின்றன. மாடிப்படிக்கு அடியில் பழைய தோல்பெட்டி ஒன்று; திறந்தால் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. உள்ளே பெண்ணின் உடைகள், புதிதாக மடித்தவை. சாப்பாட்டு மேசையில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகள். பக்கத்தில் தக்கை எடுத்த ஒயின் பாட்டில், குட்டையானது, கழுத்துவரை நிறைந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

வியாபாரி கடையிலிருந்து மழையில் நனைந்தபடி வந்தார். மனைவியைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, பேச்சு வராதவர் எதையாவது பேசுவதுபோல, “பல்வலியா மேடம்?” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“கிராம்பு வாசனை. உங்க கம்பளிச்சட்டை நனைஞ்ச வாசனையும் கலந்து வருது. மன்னிச்சுக்கங்க, தொழில் புத்தி. மூக்கை வச்சுத்தான் பொழைக்கறேன்.”

“உங்க மனைவி பீர் குடிச்சிருக்காங்க.”

அவர் நிமிர்ந்தார். “பீரா? என் வீட்டுலயா?”

“ஏன், வரக்கூடாதா?”

“பீர் தாகத்துக்குக் குடிக்கறது மேடம். ஒயின் மனுஷன் உக்காந்து ரசிச்சுக் குடிக்கறது. கல்யாணமான புதுசுல ஒரு தடவை கேட்டா. இந்த வாசப்படி ஏறக்கூடாதுன்னுட்டேன். அதோட மறந்துட்டா.”

“ஒயின் அவங்களுக்குப் பிடிச்சுதா?”

“பழகிக்கிட்டா.”

இன்ஸ்பெக்டர் மேசையைக் காட்டினார். “இது?”

“காலைல கடைக்குக் கிளம்பும்போது தக்கையை எடுத்து வச்சிடுவேன். சாயங்காலத்துக்குள்ள காத்துப்பட்டுப் பதமாயிடும். ராத்திரி ரெண்டு பேருமா உக்காந்து காலி பண்ணுவோம். மிச்சம் வைக்கறது எனக்கு ஆகாது, மறுநாள் புளிச்சுக் காடியா மாறிடும். இன்னிக்கும் அப்படித்தான்…”

“பெட்டி கட்டி வச்சிருக்காங்களே?”

“பெட்டியா? தெரியாது மேடம்.” சற்று யோசித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “பீர் எங்கேர்ந்து வந்திருக்கும்னு மட்டும் சொல்லமுடியும். மச்சான் வீட்டுல காய்ச்சறான். கடை இருக்கற கட்டடம் அவங்க அப்பா அண்ணன் தங்கை ரெண்டு பேருக்குமா விட்டுட்டுப் போனது. அதை விக்கணும்னு இவன் நச்சரிச்சுக்கிட்டே இருந்தான். நான் யார் மேலயும் பழி போடல.”

பழியைப் போட்டுவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் மச்சான் எதையும் மறைக்கவில்லை. பூட்டு செய்யும் பட்டறையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, கைரேகைப் பள்ளங்களில் எண்ணெய்க் கறுப்பு.

“பாட்டில் என்னுதுதான். திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒண்ணு கொண்டுவந்து குடுப்பேன். ஒளிச்சு வச்சு வியாழக்கிழமை இஸ்திரி போடறப்ப குடிப்பா. வேற நாள்ல குடிக்கமாட்டா.”

“அவ்ளோ பிடிக்குமா பீர்?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “ஒயின்னா அவளுக்குப் பயம் மேடம். ஆள் வந்திருக்கறப்ப மாப்பிள்ளை கோப்பையை நீட்டி, என்ன வாசனை தெரியுது சொல்லுன்னு கேப்பாரு. இவ ஏதோ சொல்லுவா. எல்லாரும் சிரிப்பாங்க. வருஷக்கணக்கா இதே கூத்து. பீர் குடிச்சா எப்படி இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல, அதுக்காகவே பிடிக்கும்பா.”

“கட்டடத்தை விக்கறதுல தகராறா?”

“தகராறா? போன வாரம் அவளே விக்கலாம்னு சொன்னா. வர்ற ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கே வந்துடறதா இருந்தா. பெட்டியை முன்னாடியே எடுத்துட்டுப் போகத்தான் நேத்து வரச்சொன்னா.”

விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மழை விடவில்லை. அறைக்கு வெளியே வந்ததும் ஏட்டு தொடங்கினார்.

“கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு மேடம்? அவன் பீர், அவன் பாட்டில், பொணத்தைப் பாத்ததும் அவன்தான்.”

“பாட்டில்ல யார் கைரேகை இருந்துச்சு?”

“அந்தம்மாவோடது மட்டும்.”

“அவனோடது?”

“இல்ல. தொடைச்சிருப்பான்.”

“என் பாட்டில்தான்னு வாயாலயே ஒத்துக்கறவன் எதுக்குத் தொடைக்கணும்? அவன் காய்ச்சி, ஊத்தி, கையில குடுத்த பாட்டில். அவன் ரேகை இருந்தாத்தான் இயல்பு. திங்கக்கிழமைக்கு அப்புறம் யாரோ அதை எடுத்து, திறந்து, மூடி, துடைச்சு, அதே இடத்துல வச்சிருக்காங்க. தன் ரேகையைத் துடைக்கப்போய் அவனோடதும் சேர்ந்து போயிடுச்சு.”

“அப்ப பாட்டில் இருக்கற இடம் தெரிஞ்ச ஆள்.”

“வண்டியை எடுங்க.”

வியாபாரி சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டிருந்தார். மேசையில் நேற்றைய பாட்டில் அப்படியே இருந்தது. ஏட்டு கதவருகில் நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டர் உட்காராமலே பேசினார்.

“நேத்து இந்த வீட்டுக்குள்ள வந்ததும் எனக்குப் பல்வலின்னு சொன்னீங்க. ஒரு கிராம்பு. வாய்க்குள்ள அடக்கி வச்சிருந்தேன்.”

“ஆமா.”

“வாரா வாரம் வியாழக்கிழமை ஒரு பாட்டில் பீர் குடிச்ச பொம்பளை ராத்திரி உங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கா. அது உங்க மூக்குக்கு எட்டலையா?”

“வாயைக் கொப்பளிச்சிருப்பா. நான் கவனிக்கல.”

“பரண்லேர்ந்து இறக்கின பெட்டி மாடிப்படிக்கு அடியில இருக்கு. அந்துருண்டை நெடி பல்வலிக்காரி எனக்கே அடிச்சுது. அதுவும் தெரியாதுங்கறீங்க.”

“மேடம், மூக்கு நல்லா இருந்தா கொலைகாரன்னு அர்த்தமா?”

“இல்ல. அதை வச்சு உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது.” இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். “இதைத் திறந்தது யாரு?”

“நான்தான். சொன்னேனே.”

“எப்ப?”

“நேத்து காலைல.”

“அப்ப உங்க மனைவி?”

“உயிரோட இருந்தா. சமையக்கட்டுல நின்னுக்கிட்டிருந்தா.”

“ராத்திரி ரெண்டு பேரும் குடிக்கறதா இருந்துச்சு. ரெண்டு கோப்பையும் எடுத்து வச்சிருக்காங்க. வைக்கலன்னா அவங்களுக்குத் திட்டு விழும், இல்லையா? அதனால அவங்க மறக்கல.” இன்ஸ்பெக்டர் பின்வாசல் பக்கம் கையைக் காட்டினார். “அங்க நிக்கற அத்தனையும் பெரிய பாட்டில். ரெண்டு பேருக்கு ஒரு ராத்திரிக்கு ஒண்ணு. கையில இருக்கறது அதுல பாதி அளவு. ஒரு ஆளுக்குன்னே விக்கற பாட்டில். நேத்து காலைல, மனைவி கண்ணெதிர்ல நிக்கும்போது, ராத்திரிக்கு ஒரு ஆளுக்கு மட்டும் ஏன் திறந்தீங்க?”

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“அவ… நேத்து வேண்டாம்னு சொல்லியிருந்தா.”

“நேத்து என்கிட்ட அப்படிச் சொல்லல. இன்னிக்கும் ரெண்டு பேருமான்னுதான் சொன்னீங்க. ஏட்டு எழுதி வச்சிருக்கார். உங்க கடை நிலவறையைத் திறக்க ஆள் போயிருக்கு, விஷ டப்பாவைத் தேட. தேடித்தான் கண்டுபிடிக்கணுமா, நீங்களே சொல்லிடறீங்களா?”

அவர் கை தானாக நீண்டு, அந்தச் சின்ன பாட்டிலை வாங்கி, மேசையில் பத்திரமாக வைத்தது. பேசியபோது குரலில் அழுகை இல்லை, விளக்கம் சொல்லும் பொறுமை இருந்தது.

“நல்ல ஒயின் மேடம் இது. தனியா ஒருத்தன் முழு பாட்டிலைத் திறந்தா பாதி வீணாப்போகும்.”

ஏட்டு நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறுமுன் வியாபாரி ஒன்று கேட்டார். “பீர் வாசனை எப்பவோ தெரியும், பெட்டி வாசனை வந்த அன்னிக்கே அவ போகப்போறதும் தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு வருஷம் நல்ல ஒயினா ஊத்திக் குடுத்தேன். ஒளிஞ்சு நின்னு அந்தக் கழனித்தண்ணியைக் குடிச்சிருக்கா பாருங்க. அது நியாயமா?”

கட்டடமும் கடையும் கைவிட்டுப் போகும் என்பதைக்கூட அவர் இரண்டாவதாகத்தான் வாக்குமூலத்தில் சொன்னார்.

மச்சானை விட்டுவிட்டார்கள். பஸ் நிற்குமிடம்வரை நடந்து போனவனை இன்ஸ்பெக்டர் வழியில் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஊர்க்கோடியில் சின்ன வீடு. கதவைத் திறந்தவன், “ஒரு நிமிஷம் உள்ள வாங்க மேடம்” என்றான்.

பின்பக்கம் ஓர் அறை. காலியாக இருந்தது. சுவர்கள் வெளிர் மஞ்சள், சன்னல் சட்டம் வெள்ளை. சன்னல் இரண்டு கதவும் திறந்து, மழைச்சாரல் தரையில் தெறித்திருந்தது.

“பெயின்ட் நாத்தம் இருக்கா பாருங்க” என்றான். “எனக்குப் பட்டறையில மூக்கே செத்துப்போச்சு.”

இன்ஸ்பெக்டர் மூச்சை இழுத்துப் பார்த்தார். “இல்லப்பா. ஒண்ணும் இல்ல.”

“போன ஞாயித்துக்கிழமையே வந்துடறேன்னா. அவளுக்குப் பெயின்ட் நாத்தம் ஆகாது. நல்லாக் காயட்டும், ஒரு வாரம் கழிச்சு வான்னு நான்தான் சொன்னேன்.”

சன்னலை மூடப்போனவன், பிடியில் கை வைத்தபடி அப்படியே நின்றான். இன்ஸ்பெக்டர் அருகே போய் அதை மூடிவிட்டு, அவன் திரும்பும்வரை அறையிலேயே இருந்தார்.